கூடியது குற்றமா, கணக்கா?



சங்க மலருக்குப் படைப்புகள் கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதுமே என் அறை நண்பர்கள், "கவிதை எழுதுடா, அதுதான் சீக்கிரம் முடியும்" என்று யோசனை சொன்னார்கள். நம் மலரில் கவிதைக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஆகவே நான் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டேன். பயப்பட வேண்டாம், இன்ஜினீயரிங் மேத்ஸ் அளவுக்குப் போகாது. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தது. ராசிபுரத்தை அடுத்த வெண்ணந்தூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலேயே தறி ஓடுகிறது. பெரியப்பா கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டுவார். அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா கட்டுவதும் கறுப்பு சிவப்புக் கரைதான், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அந்த ஒரு கோட்டுக்காக இருபது வருடமாக இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை முடிந்ததும் ஒரே வண்டியில் டீ குடிக்கப் போவார்கள், அது வேறு விஷயம்.

2025 சித்திரையில் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு லீவில் போயிருந்தேன். அன்றைய சண்டை, யார் ஆட்சியில் குற்றம் அதிகம் என்பது.

"ஏன் மாப்ளே, கொடநாடு யார் காலத்துல நடந்துச்சு? பொள்ளாச்சி யார் காலத்துல?" என்று பெரியப்பா 2017-ஐயும் 2019-ஐயும் எடுத்து வைத்தார்.

"அப்ப கள்ளக்குறிச்சி சாராயம் யார் காலத்துலங்க மச்சான்? பட்டணத்துல ஒரு கட்சித் தலைவரையே நடுரோட்டுல வெட்டினாங்களே, அது?" என்று மாமா 2024-ஐ எடுத்து வைத்தார்.

சம்பவம் தீர்ந்ததும் புள்ளிவிவரத்துக்கு வந்தார்கள். பெரியப்பா செல்போனைத் திறந்தார். "இத பாரு, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுது. 2020-ல தமிழ்நாட்டுல ஐ.பி.சி. வழக்கு 8 லட்சத்து 91 ஆயிரத்துக்கு மேல. நாங்க வந்த வருஷம் 2021-ல 3 லட்சத்து 22 ஆயிரம் சொச்சம். பாதிக்கும் கீழ எறங்கிப்போச்சு!"

மாமா விடுவாரா? அவரும் திறந்தார். "அதே காப்பகந்தானுங்க சொல்லுது. கொலை வழக்கு 2020-ல 1,661. 2021-ல 1,686. 2022-ல 1,690. வருஷா வருஷம் ஏறுதா எறங்குதா?"

இரண்டு பேர் சொன்னதும் ஒரே அலுவலகத்தின் புத்தகம். இரண்டும் அச்சான எண்கள். பொய் இல்லை. ஆனால் ஒருவருக்குக் குற்றம் பாதியாகிவிட்டது, இன்னொருவருக்கு ஏறிக்கொண்டே போகிறது!

"பாலிடெக்னிக் படிக்கிற புள்ள, நீ சொல்றா" என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அப்போது அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்ற சங்கிலி எந்தக் கணக்குல இருக்குதுன்னு கேளு கண்ணு."

திண்ணை அமைதியாகிவிட்டது. நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அந்த ஒரு கேள்விதான்.

அம்மாவின் சங்கிலி

2024 ஆடி கடைசியில், உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு அம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்தில் கை வைத்து இழுத்தார்கள். மூணு பவுன். கழுத்தில் நகக் கீறல் ஆற ஒரு வாரம் ஆயிற்று. சம்பவம் நடந்த ஊரையும் காவல் நிலையத்தையும் இங்கே எழுதப்போவதில்லை.

நிலையத்தில் மனு வாங்கிக்கொண்டார்கள். ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "கண்டுபிடிச்சா கூப்பிடறோம்மா. எஃப்.ஐ.ஆர். எல்லாம் போட்டா கோர்ட்டு, சாட்சின்னு நீங்கதான் அலையணும்" என்று அக்கறையாகவே சொன்னார்களாம். அம்மாவும் சரி என்று வந்துவிட்டார். ரசீதை மஞ்சப் பையில் மடித்து வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

நண்பர்களே, நம்மில் பலருக்கு சி.எஸ்.ஆருக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது. சி.எஸ்.ஆர். என்பது 'கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர்'. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. அது போட்டால்தான் சட்டப்படி வழக்கு. வழக்கு ஆனால்தான் புள்ளிவிவரம். ஆகவே அரசுக் கணக்குப்படி எங்கள் அம்மாவின் சங்கிலியை யாரும் அறுக்கவில்லை!

எண் எங்கே பிறக்கிறது?

லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும் நூலகத்திலும் செல்போனிலும் தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிலையத்தில் பதிவாகும் வழக்குகள் மாவட்டக் குற்ற ஆவணக் கூடத்துக்கும், அங்கிருந்து சென்னையில் உள்ள மாநில ஆவணக் கூடத்துக்கும், கடைசியில் டெல்லியில் உள்ள தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் போகின்றன. இந்தக் காப்பகம் 1986-ல் ஏற்பட்டது. 'இந்தியாவில் குற்றம்' என்ற ஆண்டுத் தொகுப்பு அதற்கும் முன்னால், 1953-ம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

இப்போது பின்னோக்கி யோசியுங்கள். ஒரு குற்றம் அந்தப் புத்தகத்தில் ஏற என்னென்ன நடக்க வேண்டும்? முதலில் அது நடந்தது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வேண்டும். அவர் நிலையத்துக்குப் போகத் துணிய வேண்டும். அங்கே மனுவை வாங்க வேண்டும். வாங்கியதை எஃப்.ஐ.ஆராக மாற்ற வேண்டும். சரியான பிரிவில் போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் சிந்திவிடும். குளத்திலிருந்து ஓட்டைக் குடத்தில் தண்ணீர் கொண்டு வருகிற கதை. வீட்டுக்கு வந்து சேர்ந்த தண்ணீரை அளந்துவிட்டு, குளத்தில் இவ்வளவுதான் தண்ணீர் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு விதியும் உண்டு. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் கடுமையானது எதுவோ அது மட்டும்தான் எண்ணப்படும். வீடு புகுந்து திருடி, ஆளையும் கொன்றால் கணக்கில் ஒரு கொலை. திருட்டு அதற்குள் மறைந்துவிடும்.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. குற்றம் கூடுவது வேறு, குற்றப் பதிவு கூடுவது வேறு, இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள் என்று காப்பகமே தன் புத்தகத்தில் எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் எந்தக் கட்சியும் செல்போனில் அனுப்புவதில்லை!

ஜீரோ எரர் பார்த்தீர்களா?

மெட்ராலஜி லேபில் வெர்னியரைக் கையில் எடுத்தவுடன் சார் கேட்கும் முதல் கேள்வி, "ஜீரோ எரர் பார்த்தியா?" என்பதுதான். அளக்கும் கருவியிலேயே பிழை இருந்தால் ஜாபை எத்தனை தரம் அளந்து என்ன பயன்? பெரியப்பா காட்டிய எண்ணுக்கு இதே கேள்வியைப் போடுவோம்.

தமிழ்நாட்டின் ஐ.பி.சி. வழக்குகள் 2019-ல் 1 லட்சத்து 68 ஆயிரம் சொச்சம். 2020-ல் 8 லட்சத்து 91 ஆயிரத்துக்கு மேல். ஒரே வருடத்தில் ஐந்து மடங்கு! அந்த வருடம் தமிழ்நாட்டில் எல்லோரும் திடீரென்று திருடர்களாகிவிட்டார்களா? இல்லை. அது கொரோனா ஊரடங்கு வருடம். அரசு உத்தரவை மீறினால் போடுகிற ஐ.பி.சி. 188-வது பிரிவு நினைவிருக்கிறதா? இந்தியா முழுவதும் அந்தப் பிரிவில் 2019-ல் பதிவானவை 29,469 வழக்குகள். 2020-ல் 6,12,179. பால் வாங்கப் போனவர், மாஸ்க் போடாதவர், தெருமுனையில் உட்கார்ந்து பேசியவர் எல்லோரும் அந்த வருடத்தின் 'குற்றக் கணக்கில்' ஏறினார்கள். நம்ம ஊரில் தோப்புக்கரணம் போட்டவர்கள் தப்பித்தார்கள், வழக்கு வாங்கியவர்கள் புள்ளிவிவரம் ஆனார்கள்.

ஆக, 2020-ல் ஏறியதற்கு அ.தி.மு.க. காரணமில்லை. 2021-ல் இறங்கியதற்கு தி.மு.க. காரணமில்லை. ஏற்றியதும் இறக்கியதும் ஊரடங்கு.

சரி, மாமாவின் எண்? கொலை வழக்குகளை நம்பலாம். திருட்டை மறைக்கலாம், பிணத்தை மறைப்பது கஷ்டம். ஆனால் 1,661-க்கும் 1,690-க்கும் வித்தியாசம் 29 தான். நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. ஏழரைக் கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் இதை ஏற்றம் என்று சொல்ல முடியாது. மேலும் மாமா எங்கிருந்து ஆரம்பித்தார் என்று பாருங்கள். ஊர் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020-லிருந்து. ஒரு வருடம் பின்னால் போய் 2019-ஐ எடுத்தால் 1,745. அங்கிருந்து பார்த்தால் 2022-ல் இறங்கியிருக்கிறது! எந்த வருடத்தில் ஸ்கேலை வைக்கிறோமோ அதற்குத் தகுந்த மாதிரி கோடு ஏறும் அல்லது இறங்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2020-க்கான புத்தகம் வெளிவந்தது 2021 செப்டம்பரில், அதாவது ஆட்சி மாறிய பிறகு. 2022-க்கான புத்தகம் 2023 டிசம்பரில் வந்தது. 2023-க்கான புத்தகம் 2025 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. புத்தகம் வெளிவரும் நாளில் யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவர் தலையில் அதைக் கட்டுவது சுலபமாகிவிடுகிறது.

கோடு மாறினால் கணக்கு மாறும்

நம் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1996 வரை ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் சேலம் மாவட்டம். 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்குப் பிறகு நம் பக்கத்து வழக்குகள் சேலம் கணக்கில் சேராது. ஆகவே இரண்டு வருடப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து 'சேலம்' என்ற வரியை மட்டும் படிப்பவருக்கு, சேலத்தில் குற்றம் சடாரென்று குறைந்த மாதிரிதான் தெரியும். 1996 மே மாதம் ஆட்சியும் மாறியிருந்தது. எங்கள் ஆட்சியின் சாதனை என்று ஒருவர் போஸ்டர் அடித்தால், யார் மறுத்துப் பேசுவது? உண்மையில் திருடனும் நகரவில்லை, போலீசும் நகரவில்லை. வரைபடத்தில் ஒரு கோடுதான் நகர்ந்தது.

வரைபடக் கோடு போலவே சட்டத்தின் கோடும் நகரும். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது இந்தியாவே திரும்பிப் பார்த்த மதுவிலக்கை 1937 அக்டோபர் 1 அன்று முதலில் கொண்டு வந்தது நம்ம சேலம் மாவட்டத்தில்தான். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. செப்டம்பர் 30 அன்று ராசிபுரத்தில் கள் குடித்தவர் குடிகாரர் மட்டும்தான். மறுநாள் குடித்தவர் குற்றவாளி. ஆள் அவரே, மரமும் அதுவே!

மதுவிலக்கால் அடிதடி குறைந்தது என்று ஒருவர் சொல்லலாம். கள்ளச்சாராய வழக்கு கூடியது என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுமே ஒரே சமயத்தில் உண்மையாகவும் இருக்கலாம். பிறகு 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடி தடை, 1981-ல் மறுபடி தளர்வு, 1983-ல் டாஸ்மாக் நிறுவனம், 2003-ல் சில்லறைக் கடைகளும் அரசின் கையில் என்று கோடு இடம் மாறிக்கொண்டே வந்தது. இத்தனை மாற்றங்களையும் ஒரே கணக்காக நீட்டி, அந்தக் காலத்தில் குற்றம் குறைவு, இந்தக் காலத்தில் அதிகம் என்று எப்படிச் சொல்வது?

கடைசியாகக் கோடு நகர்ந்தது 2024 ஜூலை 1. ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் சங்கிலி பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. முன்பு அது திருட்டிலோ கொள்ளையிலோ கலந்திருக்கும். அதேபோல ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழான திருட்டில், போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாத வகையும் உண்டாகிவிட்டது. நாளைக்குத் 'திருட்டு குறைந்துவிட்டது' என்று யாராவது பட்டியல் நீட்டினால், இந்தத் தேதியை நினைவில் வையுங்கள்.

வகுக்காமல் பேசாதே

டீக்கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "உத்தரப்பிரதேசத்தப் பாரு, பீகாரப் பாரு, தினம் கொலை." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2022-ம் வருடப் புத்தகத்தில் கொலை வழக்குகள் உத்தரப்பிரதேசம் 3,491, பீகார் 2,930, தமிழ்நாடு 1,690. சரியாகப் போச்சு என்று மூடி வைத்துவிடலாம். ஆனால் நாம் டிப்ளமாக்காரர்கள், வகுத்துப் பார்ப்போம். உத்தரப்பிரதேசத்தில் சுமார் 23.5 கோடிப் பேர். பீகாரில் 12.6 கோடி. நம்மிடம் 7.7 கோடி. லட்சம் பேருக்கு எத்தனை என்று போட்டால் பீகார் 2.3, தமிழ்நாடு 2.2, உத்தரப்பிரதேசம் 1.5!

கால்குலேட்டரை இரண்டாம் முறை தட்டிப் பார்த்தேன். அதேதான் வந்தது. நம் மாநிலத்தைப் பற்றிய பெருமையில் ஒரு சின்ன அடி. வலித்தாலும் கணக்கு கணக்குதான்.

உடனே 'அப்படியானால் தமிழ்நாடுதான் மோசம்' என்று மறு பக்கம் சாய வேண்டாம். எல்லாக் குற்றத்தையும் சேர்த்து விகிதம் போட்டால், படிப்பில் பேர் வாங்கிய கேரளம் பட்டியலின் மேல் வரிசையில் வந்து நிற்கும். கொலை விகிதத்திலோ அதே கேரளம் நாட்டிலேயே கீழ் வரிசை. என்ன அர்த்தம்? அங்கே மக்கள் நிலையத்துக்குப் போகிறார்கள், நிலையத்தில் பதிவும் செய்கிறார்கள் என்பது அதில் பெரும் பங்கு. லாரி பாடி கட்டும் பட்டறையில் கண்டிப்பான சூப்பர்வைசர் வந்த மாதம் ரிஜெக்ட் எண்ணிக்கை கூடும். வேலை கெட்டுப் போனதாலா? கண் திறந்ததால்.

டெல்லியில் 2012 டிசம்பரில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகும் இதைத்தான் பார்த்தோம். 2012-ல் நாடு முழுவதும் 24,923 ஆக இருந்த பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2013-ல் 33,707 ஆயின. சட்டத்தின் வரையறை அந்த வருடம் விரிந்தது. இந்த வகைப் புகாரைப் பதிய மறுக்கும் போலீசாருக்கே தண்டனை என்று வந்தது. பெண்கள் வெளியே வந்து சொன்னார்கள். எண் கூடியதைக் குற்றம் கூடியதாக மட்டும் படித்தால், துணிந்து சொன்ன அந்தப் பெண்களை நாம் அவமதிக்கிறோம்.

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1973 முதல், இங்கிலாந்தில் 1982 முதல், போலீஸ் கணக்கோடு நிற்காமல் வீடு வீடாகப் போய் "உங்களுக்கு என்ன நடந்தது? போலீசில் சொன்னீர்களா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். அங்கேயும் கட்சிச் சண்டை ஓயவில்லை. 2021-ல் அமெரிக்க எஃப்.பி.ஐ. பதிவு முறையை மாற்றியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெரு நகரங்களின் கணக்கே வந்து சேரவில்லை. ஆனாலும் ஒரு கணக்கு தவறினால் ஒத்துப் பார்க்க இன்னொன்று இருக்கிறது. நம் நாட்டிலும் அப்படி வருடா வருடம் எடுத்தால், அம்மாவின் சங்கிலி ஏதாவது ஒரு ஏட்டில் இருந்திருக்கும்.

'அவனுங்களாலதான்!'

குற்றம் எவ்வளவு என்பதைவிட, யாரால் என்ற கேள்விதான் ஆபத்தானது. அம்மாவின் சங்கிலி போனதும் ஊரில் பலர் சொன்னது, "வடக்கத்தி பசங்க வந்தப்புறந்தான் இதெல்லாம்." அம்மா பார்த்தது ஹெல்மெட் போட்ட இரண்டு தலைகளை. வடக்கா தெற்கா என்று அவருக்கே தெரியாது. ஊருக்கு எப்படித் தெரிந்தது?

நம் பக்கம் கோழிப்பண்ணையிலும், ஜவ்வரிசி ஆலையிலும், தறிப்பட்டறையிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவன் திருடினால் அது செய்தி. நம்ம ஊர்க்காரன் திருடினால் அவன் பெயர் மட்டும்தான் செய்தி. இந்த மாதிரிப் பேச்சு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் சட்டசபையில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து பார்த்தது. வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக நடந்தவற்றை ஒட்டிப் பரப்பியது தெரிந்து, தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது. அதற்குள் எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள்! இங்கே அவனைக் கண்டு நமக்குப் பயம், அங்கே நம்மைக் கண்டு அவனுக்குப் பயம். நடுவில் லாபம் பார்த்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்தையே குற்றவாளி என்று முத்திரை குத்துவது புதிதல்ல. வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. பிறந்த குழந்தை கூட அந்தச் சாதியில் பிறந்த காரணத்துக்காகவே சந்தேகப் பட்டியலில் சேரும். ஆண்கள் இரவில் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டும். கண்காணிப்பு கூடினால் கைது கூடும். கைது கூடினால், 'பார்த்தாயா, இவர்கள் குற்றவாளிகள்தான்' என்று அந்த எண்ணையே ஆதாரமாகக் காட்டலாம்! சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் போனது, பேச்சு மட்டும் ஆளை மாற்றிக்கொண்டு இன்னும் இருக்கிறது.

காரணமே இல்லை என்று சொல்லவில்லை. சாராயம், கஞ்சா, வேலையில்லாமை, கடன் எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் காரணம் சொல்பவர் இரண்டு இடத்தையாவது ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். தனக்குப் பிடிக்காத ஆட்களையே காரணமாகச் சொன்னால் இரண்டு தரம் சந்தேகப்பட வேண்டும்.

கையடக்கக் கேள்விகள்

வாட்ஸ்அப்பில் ஒரு குற்றக் கணக்கு வந்தால் அனுப்பும் முன்பு இவற்றைக் கேளுங்கள்:

1. இது நடந்த குற்றமா, பதிவான குற்றமா?
2. மொத்த எண்ணா, லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதமா?
3. ஆரம்ப வருடத்தை யார் தேர்ந்தெடுத்தார்? அதற்கு முந்தைய வருடம் என்ன?
4. நடுவில் சட்டமோ, மாவட்ட எல்லையோ, எண்ணும் முறையோ மாறியதா?
5. கொலைக் கணக்கும் அதே திசையில் போகிறதா?

ஐந்துக்கும் பதில் இல்லாத எண்ணை நண்பனே அனுப்பியிருந்தாலும், கட்சித் தலைவரே சொல்லியிருந்தாலும், ஓரமாக வையுங்கள்.

ஒன்று கூடியது

அடுத்த லீவில் ஊருக்குப் போய் இதையெல்லாம் திண்ணையில் சொன்னேன். பெரியப்பா மீசையைத் தடவினார். மாமா வெற்றிலை மடித்தார். "அப்ப ரெண்டு பேரும் தோத்தோம்னு சொல்ற" என்றார் பெரியப்பா. "கணக்கு கெடக்கட்டும், அக்கா சங்கிலிக்கு வழி சொல்றா" என்றார் மாமா.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமானால் டி.எஸ்.பி. அனுமதியோடு பூர்வாங்க விசாரணை செய்யலாம், அதுவும் பதினான்கு நாளுக்குள். எட்டு மாதமல்ல! நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்து மூலமாகத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

மனுவை நான் எழுதினேன். ரசீது நகலை இணைத்தேன். அந்த மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு அம்மாவோடு பெரியப்பாவும் மாமாவும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள் என்று அம்மா சொன்னார். இரண்டு வாரத்தில் நிலையத்திலிருந்து போன் வந்தது. எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று. நகல் கைக்கு வந்தது.

சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. 2024-ல் போன சங்கிலி 2025-ம் வருடக் கணக்கில் ஏறும். அந்தப் புத்தகம் வரும்போது அந்த ஊர் வரியில் ஒன்று கூடியிருக்கும். யாராவது ஒரு கட்சிக்காரர் அதைக் காட்டி, பாருங்கள், குற்றம் பெருகிவிட்டது என்று மைக்கில் முழங்கவும் கூடும்.

நகலை வாங்கிக்கொண்டு வந்த அன்று பெரியப்பா, "மாப்ளே, நம்மனால கணக்குல ஒண்ணு கூடிப்போச்சு போல" என்றார்.

"கூடட்டுங்க மச்சான்" என்றார் மாமா.

அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டு, தறிக்குப் போய்விட்டார்.

நண்பர்களே, நாளைக்கு நாம் லேத்திலோ, லாரிப் பட்டறையிலோ, ஏதாவது கம்பெனியிலோ அளக்கும் வேலைக்குத்தான் போகப்போகிறோம். தப்பாக அளந்தால் ஜாப் ரிஜெக்ட் ஆகும், அவ்வளவுதான். குற்றக் கணக்கைத் தப்பாக அளந்தால் ஒரு ஊரோ ஒரு சாதியோ ஒரு மாநிலத்து ஏழைத் தொழிலாளியோ ரிஜெக்ட் ஆவான். ஆகவே அளக்கும் முன் ஜீரோ எரர் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது சி.எஸ்.ஆர். ரசீதை மடித்து வைத்திருந்தால், அதை வெளியே எடுங்கள்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு